ஒரே லெட்சுமி, இரண்டு பதிவுகள்: வாடிக்கையாளர் பட்டியலை மென்பொருள் எப்படி நிர்வகிக்கிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்பவர் இருக்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படும். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு தாமானில் வசிக்கும் ஓர் அம்மா முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, கடலை பிஸ்கட் எல்லாம் செய்து விற்கிறார். படிவம் நான்கில் படிக்கும் மகள், புலனத்தில் வரும் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறாள். கைப்பேசியில் ஏறக்குறைய 300 வாடிக்கையாளர்களின் எண்கள் இருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு லெட்சுமி என்ற வாடிக்கையாளர், "என் மகனுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, கலவை டின்னில் கடலை பிஸ்கட் வைக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தார். அம்மா அவர் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்திலேயே "கிள்ளான், கடலை வேண்டாம்" என்றும் சேர்த்துச் சேமித்தார். இந்த ஆண்டு அதே லெட்சுமி புதிய எண்ணிலிருந்து ஆர்டர் அனுப்பினார். மகள் அதை "லக்ஷ்மி டீச்சர்" என்று புதிதாகச் சேமித்தாள். ஆர்டர் பட்டியலில் எந்த எச்சரிக்கையும் இல்லாததால், கடலை பிஸ்கட்டும் டின்னுக்குள் போய்விட்டது. டின்னை வாங்கும்போது அவர், "கடலை போடலதானே?" என்று கேட்டதால்தான் விபரீதம் தவிர்க்கப்பட்டது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

தகவல் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தது. தேவையான நேரத்தில், தேவையான இடத்தில் அது வந்து நிற்கவில்லை. இந்தக் குறையைப் போக்குவதற்காகவே தொடர்பு மேலாண்மை மென்பொருள் என்ற ஒன்று இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

அட்டையிலிருந்து கணினிக்கு

கணினி வருவதற்கு முன்பு வணிகர்கள் வாடிக்கையாளர் விவரங்களை அட்டைகளில் எழுதி வைத்தார்கள். 1950களில் அமெரிக்காவில் ரோலோடெக்ஸ் என்ற சுழலும் அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. ஒருவருக்கு ஓர் அட்டை. கைப்பிடியைச் சுழற்றினால் வேண்டிய அட்டை மேலே வரும். அட்டையின் ஓரத்தில் "மாலையில் அழைத்தால் எரிச்சலடைவார்", "மகள் திருமணம் ஜூனில்" போன்ற குறிப்புகளையும் எழுதிக்கொள்ளலாம்.

1987ஆம் ஆண்டு 'ஆக்ட்' என்ற மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தது. தொடர்பு மேலாண்மைக்கென்றே எழுதப்பட்ட முன்னோடி மென்பொருள்களில் அதுவும் ஒன்று. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ உட்படப் பல நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள்களை வழங்குகின்றன. சிறு வணிகத்துக்குக் கைப்பேசியிலுள்ள தொடர்புப் பட்டியலும் ஒரு விரிதாளும்கூடப் போதும். எதைப் பயன்படுத்தினாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவருக்கு ஒரே ஒரு பதிவு, அந்தப் பதிவில் ஒவ்வொரு தகவலுக்கும் தனி இடம்.

ஒரு தகவலுக்கு ஒரு கட்டம்

கடலை பற்றிய எச்சரிக்கையை அம்மா எங்கே எழுதினார்? பெயருக்கான இடத்தில். மனிதர் படித்தால் புரியும். ஆனால் கணினிக்கு அது வெறும் நீண்ட பெயர். "ஒவ்வாமை உள்ள வாடிக்கையாளர்கள் யார் யார்?" என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது.

மென்பொருளில் ஒரு பதிவு பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: பெயர், தொலைபேசி, முகவரி, அஞ்சல் குறியீடு, ஒவ்வாமை, கடைசியாகப் பேசிய நாள். ஒவ்வாமைக்கென்று தனிக் கட்டம் இருந்தால், அது காலியாக இல்லாத பதிவுகளை மட்டும் ஒரே சொடுக்கில் வடிகட்டி எடுக்கலாம். பலகாரத்தை டின்னில் அடுக்கும் நாளில் அந்தப் பட்டியலை அச்சடித்துச் சமையலறையில் ஒட்டிவைக்கலாம்.

பெயர்க் கட்டத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பல மென்பொருள்கள் மேற்கத்திய வழக்கப்படி முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கொடுக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டாவதாக வருவது தந்தையின் பெயர். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்பிவிட்டால், மென்பொருள் தானாக அனுப்பும் வாழ்த்து மடல் மகனுக்குப் போகும்போது அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கும்! இதைத் தவிர்க்க "முழுப்பெயர்", "அழைக்கும் பெயர்" என்று இரண்டு கட்டங்களை நாமே உருவாக்கிக்கொள்வது நல்லது. 'அழைக்கும் பெயர்' கட்டத்தில் "லெட்சுமி அக்கா" என்று எழுதினால், அடுத்த ஆண்டு மகள் அனுப்பும் செய்தியிலும் அந்த உறவு இருக்கும்.

ஆர்டர்களை எங்கே எழுதுவது? ஒவ்வோர் ஆண்டும் ஆர்டரோடு சேர்த்துப் பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் மறுபடி எழுதினால் எங்காவது பிழை நுழைந்துவிடும். 1970ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து அவற்றை இணைக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, ஆர்டர்களுக்கு இன்னோர் அட்டவணை. ஆர்டர் அட்டவணையில் பெயருக்குப் பதில் வாடிக்கையாளரின் அடையாள எண் மட்டும் இருக்கும். லெட்சுமி வீடு மாறினால் முகவரியை ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

காணாமல் போகும் பூஜ்ஜியம்

அடையாளமாகத் தொலைபேசி எண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் முதலில் எண்ணை ஒழுங்காக எழுத வேண்டும்.

மலேசியாவில் கைப்பேசி எண் 01 என்று தொடங்கும். அதை இடைவெளியோ கோடோ இல்லாமல் எக்செல் விரிதாளில் தட்டிப் பாருங்கள். முன்னால் உள்ள பூஜ்ஜியம் மறைந்துவிடும். ஏன்? எக்செல் அதைக் கணக்கு போடுவதற்கான எண் என்று நினைக்கிறது. கணிதத்தில் 012உம் 12உம் ஒன்றுதானே! ஆனால் தொலைபேசி எண்ணை நாம் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. அது எண்ணைப் போல் தோன்றும் பெயர். ஆகவே எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'உரை' வகைக்கு மாற்றிவிட வேண்டும். அஞ்சல் குறியீட்டுக்கும் இதுவே பொருந்தும். 0 என்று தொடங்கும் குறியீடுகளும் உண்டு.

அடுத்த சிக்கல், ஒரே எண்ணைப் பலர் பலவிதமாக எழுதுவது. ஒருவர் நடுவில் கோடு போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், இன்னொருவர் முன்னால் +60 சேர்ப்பார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவை மூன்றும் வெவ்வேறு. இதற்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த 'இ.164' என்ற தரமுறை உதவுகிறது. அதன்படி முதலில் நாட்டுக் குறியீடு, பிறகு உள்நாட்டு எண். மொத்தம் 15 இலக்கங்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மலேசிய எண்ணில் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை நீக்கி +60 சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் எண்கள் பொதுவாக 8 இலக்கம் கொண்டவை, பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. ஆகவே +65 மட்டும் சேர்த்தால் போதும். எல்லா எண்களையும் இப்படி மாற்றிவிட்டால், ஒரே எண் இரண்டு முறை பதிவாகியிருப்பதை மென்பொருள் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆனால் நம் லெட்சுமி எண்ணையே மாற்றிவிட்டாரே! அப்படியானால் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

பெயர்களை ஒப்பிடும் கணக்கு

ஒலியால் ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்கும் முயற்சி கணினிக்கு முந்தியது. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படையில் வளர்ந்த முறை 'சவுண்டெக்ஸ்' எனப்படுகிறது. விதிகள் எளியவை. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். ஒலி நெருக்கமுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைக் கொடுங்கள்: சி, கே, எஸ், எக்ஸ் போன்றவற்றுக்கு 2, டி ஒலிகளுக்கு 3, எம், என் இரண்டுக்கும் 5. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒருமுறை மட்டும் எழுதுங்கள். முதல் மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் பூஜ்ஜியம் போடுங்கள்.

எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ என்று எழுதும் லக்ஷ்மிக்கு என்ன வரும்? கே 2, எஸ் 2. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒரு 2 மட்டும். எம் 5. விடை எல்-250. எல், ஏ, எக்ஸ், எம், ஐ என்று எழுதினாலும் எல்-250தான். எழுத்துகள் மாறினாலும் இது ஒரே பெயர் என்று சவுண்டெக்ஸ் கண்டுபிடித்துவிட்டது.

இனி மலேசியாவில் நாம் அதிகம் பார்க்கும் எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்வோம்: எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ. டி 3, சி 2, எம் 5. விடை எல்-325. சவுண்டெக்ஸைப் பொறுத்தவரை லெட்சுமியும் லக்ஷ்மியும் வேறு வேறு ஆள்! ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து எழுதிய விதிகளுக்குள் நம் பெயர்கள் எப்போதும் அடங்குவதில்லை.

இன்னொரு முறை 'திருத்தத் தொலைவு'. ரஷ்யக் கணித அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் இதை விளக்கினார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதே அது. லெட்சுமியின் எழுத்துக்கூட்டலில் டி எழுத்தை விட்டு எழுதினால் தொலைவு 1 மட்டுமே. ஆகவே அது ஒரே பெயராக இருக்கலாம் என்று மென்பொருள் ஊகிக்கும். ஆனால் லெட்சுமியிலிருந்து லக்ஷ்மிக்குத் தொலைவு 4. எட்டெழுத்துப் பெயரில் நான்கு திருத்தம் என்றால் பாதி. மென்பொருள் கண்டுகொள்ளாது. மறுபுறம், ரவிக்கும் ராணிக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தொலைவு 1 மட்டுமே. அவர்களை ஒரே ஆள் என்று இணைத்துவிட்டால் என்ன ஆகும்?

தமிழில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. ஆனால் லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி என்று தமிழிலும் பல வடிவங்கள் உண்டு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. "கோமதி" என்ற பெயரின் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு தேடும்படி எழுதப்படாத மென்பொருளில், ஒரு வகையில் தட்டிய கோமதியைத் தேடினால் மற்றொரு கோமதி அகப்பட மாட்டார்.

மென்பொருள் ஊகிக்கும், மனிதர் முடிவு செய்வார்

300 பதிவுகளில் இரட்டைப் பதிவுகளைத் தேட ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். 300 × 299 ÷ 2 = 44,850 ஒப்பீடுகள். நமக்குப் பல நாள் வேலை. கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் கண்டுபிடித்ததும் அது தானாக இணைத்துவிடாமல், "இவர்கள் ஒருவர்தானா?" என்று கேட்க வேண்டும். கூகிள் தொடர்புகள் போன்ற செயலிகள் அப்படித்தான் ஒரு பரிந்துரைப் பட்டியலைக் காட்டுகின்றன.

நம் லெட்சுமியைப் பெயரும் காட்டிக்கொடுக்கவில்லை, எண்ணும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியானால் எது காட்டிக்கொடுக்கும்? முகவரி. அம்மா முதல் முறையே வீட்டு எண்ணையும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பியிருந்தால், மகள் புதிய பதிவை உருவாக்கியதும் "இதே முகவரியில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்" என்று மென்பொருளால் எச்சரிக்க முடியும். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே குறிக்கும் என்பதால் அங்கே இது இன்னும் துல்லியமாக வேலை செய்யும். ஒரே வீட்டில் இரண்டு வாடிக்கையாளர்களும் இருக்கலாம் அல்லவா? அதனால்தான் கடைசி முடிவை மனிதர் எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

ஒருவர்தான் என்று உறுதியானால் இரண்டு பதிவுகளையும் இணைக்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டும் அதே பதிவில் இருக்கட்டும். பழைய குறிப்புகள் புதிய பதிவுக்கு வந்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவுக்கு வா-001 போன்ற சொந்த அடையாள எண்ணைக் கொடுங்கள். தொலைபேசி மாறும், வீடு மாறும், பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும். வா-001 மாறாது.

இந்தத் தகவல் யாருடையது?

வாடிக்கையாளர் பட்டியல் வணிகருக்குப் பயன்படுகிறது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தகவலும் வேறொருவரைப் பற்றியது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கைக்காகத் தகவல் சேகரிப்பவர், எதற்காகச் சேகரிக்கிறார் என்று சொல்ல வேண்டும். பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். உடல்நலம் பற்றிய தகவல் இச்சட்டத்தில் கூருணர்வு மிக்க தரவாகக் கருதப்படுகிறது. அதற்கு வெளிப்படையான ஒப்புதல் தேவை. லெட்சுமியின் மகனுக்கு உள்ள ஒவ்வாமையும் அத்தகைய தகவல்தான். "அடுத்த முறைக்காகக் குறித்துவைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதற்கு ஒரு நொடி போதும். அந்தக் கேள்வியும் பதிலும் புலனத்தில் எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் இதே நோக்கத்துக்காக 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் விரும்பாதவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கத் தனிப் பதிவேடும் உண்டு. மேலும், சட்டம் கேட்டாலன்றி அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தாலன்றி, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் முதல் அங்கே நடப்பில் உள்ளது. முறுக்கு விற்க அடையாள அட்டை எண் எதற்கு? தேவையில்லாத கட்டத்தை உருவாக்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு.

வீட்டு வணிகத்துக்கு ஏழு குறிப்புகள்

1. கட்டங்களைக் குறைவாக வையுங்கள். முழுப்பெயர், அழைக்கும் பெயர், தொலைபேசி, முகவரி, அஞ்சல் குறியீடு, முக்கியக் குறிப்பு, கடைசியாகத் தொடர்புகொண்ட நாள் ஆகியவை போதும்.

2. தொலைபேசி எண்களை +60 அல்லது +65 சேர்த்து ஒரே வடிவில் எழுதுங்கள். விரிதாள் என்றால் பத்தியை முதலில் 'உரை' வகைக்கு மாற்றுங்கள்.

3. தேதியை 2025-10-05 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 05/10 என்று எழுதினால் அக்டோபர் 5ஆ, மே 10ஆ என்ற குழப்பம் வரும்.

4. புதிய பெயரைச் சேர்ப்பதற்கு முன்பு, எண்ணைக் கொண்டும் முகவரியைக் கொண்டும் ஒருமுறை தேடுங்கள். பல இரட்டைப் பதிவுகள் இந்த அரை நிமிடத்தைச் சேமிக்கப் போய்த்தான் பிறக்கின்றன.

5. உயிருக்கு ஆபத்து தரக்கூடிய குறிப்புகளை ஆர்டர் சீட்டிலும் தானாக வருமாறு அமையுங்கள். யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

6. மாதம் ஒருமுறை காப்பு நகல் எடுங்கள். கைப்பேசித் தொடர்புகளை 'விகார்ட்' கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். பெரும்பாலான கைப்பேசிகளும் மென்பொருள்களும் அதைப் படிக்கும். மொத்தம் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே அல்லது மேகக் கணிமையில் இருக்க வேண்டும் என்பது கணினித் துறையினர் பின்பற்றும் விதி. பதிவுகளை இணைக்கும் முன்பும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பட்டியல் உள்ள கைப்பேசிக்குக் கடவுச்சொல் போடுங்கள். "இனி செய்தி அனுப்பாதீர்கள்" என்று கேட்பவரின் பதிவில் அதையும் குறித்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

இந்த வார இறுதியில், வீட்டில் பெரியவர்களின் அனுமதியோடு அவர்களது கைப்பேசித் தொடர்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே ஆள் எத்தனை பெயரில் இருக்கிறார்? பெயர்க் கட்டத்துக்குள் ஊர், தொழில், உறவு என எத்தனை தகவல்கள் அடைபட்டிருக்கின்றன? உங்கள் பெயருக்கும் உங்கள் நண்பரின் பெயருக்கும் சவுண்டெக்ஸ் எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதினால் விடை மாறுகிறதா?

அந்தக் கிள்ளான் வீட்டில் இப்போது வா-001 என்ற எண்ணில் ஒரே ஒரு லெட்சுமிதான் இருக்கிறார். எண்கள் இரண்டு, முகவரி ஒன்று. அவர் எந்த எண்ணிலிருந்து ஆர்டர் அனுப்பினாலும் சீட்டின் முதல் வரியில் தடித்த எழுத்தில் வரும்: "நிலக்கடலை கூடாது."